பத்து நிமிடத் தாமதம்

பத்து நிமிடம் தரையில் கிடப்பது எப்படி இருக்கும் என்று இந்த மனுஷனே ஒருமுறை கிடந்து பார்க்கட்டுமே என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலாளரைப் பார்த்து அவள் மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவர்கள் நிறுவனம் விற்பது முதியவர்கள் கட்டிக்கொள்ளும் கைக்கடிகாரம். விழுந்தால் உடனே வீட்டாரை அழைக்கும். பொய் அழைப்புகள் அதிகம் என்று புகார் வந்ததால், இனி பத்து நிமிடம் கழித்து அழைத்தால் போதும் என்று மேலாளர் மென்பொருளை மாற்றச் செய்திருந்தார். ‘நிம்மதித் திட்டம்’ என்று பெயரும் வைத்திருந்தார். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் அவள் ஒப்புதல் தந்தால்தான் அந்த மாற்றம் வெளியே போகும்.

“விழுந்தவங்க தானா எந்திரிச்சுக்குவாங்கம்மா. நீ என்ன டாக்டரா?”

“எந்திரிக்க முடியாதவங்க, சார்?”

“லட்சத்துல ஒருத்தர். அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு! புரமோஷன் லிஸ்ட்ல உன் பேரு இருக்கு, பாத்துக்கோ.”

திரையில் இருந்த ‘ஒப்புதல்’ என்பதை அழுத்த அவள் விரல் மவுஸை நோக்கி நகர்ந்தது. அந்த விரலை அவளுக்கே பிடிக்கவில்லை.

மேலாளர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு சின்ன உதவி. எங்கம்மா வாட்ச்சுக்கு மட்டும் பழசையே விட்டுடு. பாத்ரூம்ல அடிக்கடி விழுந்துடறாங்க.”

அவள் ‘நிராகரி’ என்பதை அழுத்தினாள்.

“விட்டுட்டேன் சார்,” என்றாள் மெதுவாக. “எல்லாருக்குமே பழசுதான்.”