இடம் மாறிய குடைகள்

கடைக்கு வெளியே போட்ட பூட்டு போட்டபடியே தொங்கியது. மேலே வீட்டுக்கு ஏறும் மாடிப்படிக் கதவும் சாத்தித்தான் இருந்தது. ஆனால் பின்சுவரில் தொங்கவேண்டிய குடைகள் எல்லாம் வாசல் ஓரத்துக்கு வந்திருந்தன. தர்ஷனுக்கு முதுகு சில்லிட்டது.

"கம்சலா, நீ கை வச்சியா?"

"நான் எதுக்குங்க வைக்கப்போறேன்? மாமா வச்ச எடத்துல இருந்து ஒரு சாமானையும் திவசம் வரைக்கும் நகத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" மனைவி குடைகளைத் தொடாமல் தள்ளி நின்றாள்.

பதுளையில் சூப்பர் மார்க்கெட் வந்ததிலிருந்து அப்பா விட்டுப்போன அந்தப் பலசரக்குக் கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை. திவசத்தோடு கடையைப் பக்கத்துக் கடை ஸாஹிருக்கு விட்டுவிடலாமா என்றுகூட தர்ஷன் யோசித்தான். அம்மாவோ மனைவியோ ஏதாவது வழி சொல்ல வாயெடுத்தால், "அப்பா ஒருநாளும் அப்பிடிச் செய்யல" என்று அடக்கிவிடுவான்.

அன்று மழை கொட்டியது. பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் குடையைப் பார்த்துக் கடைக்குள் ஏறினார்கள்.

அதோடு நிற்கவில்லை. இன்னொரு காலை, கற்பூரம், ஊதுபத்தி, திரி, பாக்கு எல்லாம் ஒன்றாகப் போட்ட சின்னப் பைகள் மேசையில் இருந்தன. கடையில் சணல் நூல் கிடக்க, அவற்றை வாழைநாரால் கட்டியிருந்தது. கோயிலுக்குப் போகும் அவசரத்தில் வந்த தோட்டத்துப் பெண்கள் கேள்வி கேட்காமல் அள்ளிக்கொண்டு பசறை பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

கடை பிழைத்தது. தர்ஷனின் தூக்கம்தான் போனது.

"அப்பா இன்னும் போகல, கம்சலா. உசிரோட இருந்தப்போ தோணாததெல்லாம் இப்ப அவருக்குத் தோணுது."

திவசம் முடிந்து ஐயர் படியிறங்கினார். அப்பா வைரவநாதனின் படத்தின் முன் விழுந்து எழுந்த தர்ஷனுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் அம்மா அன்னலட்சுமி படத்துக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னையோட அப்பா கரையேறிட்டாரும்மா. இனிமே யோசனை சொல்ல யாரு இருக்கா? கடைய ஸாஹிர்கிட்டயே ஒப்படைச்சிரலாம்."

அன்னலட்சுமியின் கை நின்றது. பூக்கூடைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தாள். கற்பூரம், ஊதுபத்தி, திரி, பாக்கு எல்லாம் போட்டு, பூக் கட்டிய நாரிலேயே கொஞ்சம் கிழித்து அதன் வாயைக் கட்டி மகன் கையில் வைத்தாள்.

தர்ஷன் அந்த வாழைநாரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்களாம்மா? ஏன் எங்கிட்ட நேராச் சொல்லல?"

"அப்பா சொன்னாத்தானேய்யா நீ கேப்பே."