இரண்டாவது முளை

"ஒரு நிமிஷம், யாரும் மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடித் தொட்டியை மூடியிருந்த துண்டை உருவினார் ஓய்வு பெற்ற குடிநீர் வாரிய முதன்மைப் பொறியாளர்.

உள்ளே பச்சைப் பாசி. அதன் நடுவே நகக்கண் அளவில் ஒரு செடி.

கூட்டம் என்று பார்த்தால் மூன்றே பேர். மைத்துனன், அவன் மனைவி, எதிர்வீட்டுக்காரர். அதற்கே முழுக்கைச் சட்டை, கையில் அளவுகோல். அவர் ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், சொற்பொழிவிலிருந்து அல்ல.

"குடுவைச் செடி. பூச்சிய வரவழைச்சு, வழுக்கி விழவச்சு, அப்படியே செரிச்சிடும். விதையிலேர்ந்து வளர்க்கிறது எல்லாராலயும் முடியற காரியமில்ல. மழைத்தண்ணி தவிர வேற தண்ணி பட்டா போச்சு. ஊருக்கே தண்ணி குடுத்தவன் நான், என் குழாய்த் தண்ணிய ஒரு சொட்டு இதுக்கு விடல."

"நல்லவேளை அத்தான், எங்களுக்கு மட்டும் விட்டீங்க" என்றான் மைத்துனன்.

அவருடைய மனைவி தேநீர்த் தட்டோடு கதவோரம் நின்றாள். தம்பியின் கிண்டலுக்குச் சிரிக்கவில்லை. அவள் கண் செடியின்மேல் இருந்தது.

விதை அவர்கள் மகன் அனுப்பியது. மலைக்காட்டில் செடிகளை ஆராயப் போனவன். அவன் இறந்துவிட்டான் என்ற செய்தி முதலில் வந்தது. அவன் போட்ட தபால் பிறகு வந்தது.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்போட்டவர், வெளியே வந்து, "தூவிட்டேன்" என்றார். அதோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர்தான்.

கோடை போய், மழை வந்து, மழையும் போனது. பாசி வளர்ந்தது. அவர் பாதியானார்.

அவர் குளிக்கப் போயிருந்த ஒரு காலையில் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். நாற்றுப் பண்ணையில் இருப்பதிலேயே சிறியதாக ஒன்றை வாங்கி வந்து, வேரைக் கழுவி, புருவம் திருத்தும் இடுக்கியால் பாசிக்குள் நட்டுவைத்தாள். பெற்ற பிள்ளையின் இடத்தில் யாரையோ கொண்டுவந்து உட்காரவைப்பதுபோல் இருந்தது.

குளித்துவிட்டு வந்தவர் பார்த்தார். ஈரத்தலையோடு தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு எழுந்து, பசிக்கிறது என்றார்.

அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

"ஒரு சந்தேகம் அத்தான்" என்றான் மைத்துனன். "முதல்ல ரெண்டு இலைதான் வரும், குடுவை வர மாசக்கணக்காகும்னு நீங்கதானே சொன்னீங்க? இது பொறக்கும்போதே குடுவையத் தூக்கிட்டு வந்திருக்கே?"

அவள் சட்டென்று தட்டைத் தம்பியின் முன் நீட்டினாள்.

"வீரியம்!" என்றார் பொறியாளர், சற்றும் யோசிக்காமல். "விதை வந்த இடம் அப்படி."

அவள் மூச்சு விட்டாள். இவ்வளவு தெரிந்தவரை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா?

"இப்பதான் முக்கியமான விஷயத்துக்கே வரேன்." அளவுகோல் தொட்டியின் மூலைக்கு நகர்ந்தது. "இங்க பாருங்க. ரெண்டாவது. இன்னிக்குக் காலையில தலை தூக்கியிருக்கு."

அவள் நட்டது ஒன்றே ஒன்று.

தட்டை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தொட்டியின் முன்னால் மண்டியிட்டாள். பாசியின் ஓரத்தில், கடுகளவு பச்சை. இது அவள் கொண்டுவந்தது இல்லை. அப்படியானால் இது அவனுடையது. அவன் கையால் பறித்து, அவன் கையால் மடித்து அனுப்பியது.

கண்ணில் நீர் கட்டிக்கொண்டு சரியாகத் தெரியவில்லை.

"பூதக்கண்ணாடி எங்கங்க?" என்று எழுந்தாள்.

"இரு, இரு, நான் எடுத்துட்டு வரேன்." அந்தக் குரலில் சொற்பொழிவு இல்லை.

அதற்குள் அவள் அறைக்குள் போயிருந்தாள். கண்ணாடி எப்போதும் அவர் தினசரிச் சட்டையின் பையில் இருக்கும். இன்று விழா என்பதால் முழுக்கை. தினசரிச் சட்டை ஆணியில் தொங்கியது.

கைவிட்டாள். கண்ணாடியோடு ஒரு காகிதப் பொட்டலமும் வந்தது.

மேலே மகனின் கையெழுத்து. 'அப்பா, கிடைச்ச உடனே தூவிடுங்க. இது காத்திருக்காது. ரெண்டு மூணு மாசத்துல உயிர் போயிடும்.'

பையிலேயே கிடந்து பொட்டலத்தின் முனைகள் நைந்திருந்தன. வாயில் ஒட்டிய நாடா மட்டும் ஒட்டியபடியே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே மயிரிழை போல, அத்தனையும் அப்படியே.

தூவினால்தானே முளைக்காமல் போகும்.

விதையே தூவாத தொட்டியில், அன்று ஈரத்தலையோடு அவர் யார் நட்டதைப் பார்த்து அழுதார் என்பது இப்போது புரிந்தது. மூலையில் இருப்பது எந்தப் பண்ணையிலிருந்து, யார் மனம் குளிர வந்தது என்பதும்.

பொட்டலத்தைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள். கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கூடத்தில் அளவுகோல் பாதி வழியில் நின்றிருந்தது.

"என்னக்கா, இவ்வளவு நேரம்? கிடைச்சுதா இல்லியா?"

"கிடைச்சுது" என்று கண்ணாடியை அவர் கையில் வைத்தாள்.

அவர் அதைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். "சொல்லுங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்கல்ல."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அளவுகோலை நிமிர்த்திப் பிடித்தார்.

"விதையிலேர்ந்து வளர்க்கிறது" என்று மறுபடி தொடங்கினார், "எல்லாராலயும் முடியற காரியமில்ல."