மோட்டார் போடும் ஆள்

கரண்ட் வந்துவிட்டது என்று ஜெயபாண்டிதான் முதலில் சொன்னான். பக்கத்துத் தோப்பில் மோட்டார் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

நாச்சியார் நிமிரவில்லை. தண்ணீர் வற்றிய வயலில் சேறு இறுகத் தொடங்கியிருந்தது. சாய்ந்து கிடந்த நாற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊன்றிக்கொண்டிருந்தாள்.

வரப்பில் நின்ற ஜெயபாண்டி அவளுக்குக் கொழுந்தன். சேத்தூரிலிருந்து பைக்கில் வந்தவன் சும்மா வரவில்லை. பக்கத்து வயல்காரர் சோலைச்சாமி மாமாவை நியாயம் சொல்ல அழைத்துக்கொண்டு வந்திருந்தான். தேவதானத்தில் இன்றைக்கும் அவள் புருஷன் பேரில் பால்ச்சாமி வயல் என்றே சொல்லப்படும் இந்த நிலத்தை, அடுத்த போகத்திலிருந்து விளைச்சலில் பங்கு தரும் பேச்சில் தனக்கு வாரத்துக்கு விட்டுவிட வேண்டும் என்பது அவன் கட்சி.

"பாருங்க மாமா, கரண்டு வந்துருச்சு. கெணறு எங்க கெடக்கு, மதினி எங்க நிக்கிறாக? இவுக ஓடிப்போயி மோட்டாரு போடுறதுக்குள்ள கரண்டு போயிரும். வெள்ளாமைன்னா ஒரு ஆம்பளை வேணும்ல? அண்ணன் பேரு கெட்டுறக் கூடாது பாருங்க."

நாச்சியாருக்குச் சுருக்கென்றது. அடுத்த நாற்றை எடுத்து ஊன்றினாள்.

கிணறு மலையடிவாரத்தில், ஓடை தாண்டி இருந்தது. அதனால்தான் போன் மூலம் ஓடும் ஸ்டார்ட்டரை மாட்டியிருந்தார்கள். கரண்ட் வந்தால் அதுவே போனுக்கு மணி அடித்துச் சொல்லும். திருப்பி அதன் நம்பருக்கு அழைத்தால் மோட்டார் ஓடும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சேற்றுக் கைக்கு டச் போன் மசியாது. ஒருநாள் சேலையில் துடைத்துத் துடைத்துத் தேய்த்ததில், மோட்டார் ஓடுவதற்குப் பதில் ரேஷன் கடைக்காரர் எடுத்து, என்னம்மா வேணும் என்று கேட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி படிக்கும் மகள் கல்பனாதான் வழி கண்டுபிடித்தாள். போனின் பக்கவாட்டில் சத்தம் கூட்டுகிற, குறைக்கிற பட்டன்களுக்கு நாம் விரும்பிய வேலையைக் கொடுக்க ஒரு மென்பொருள் இருக்கிறதாம். எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் ஒன்றுகூடிச் செய்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்டிருக்கிறார்கள். விளம்பரம்கூட வருவதில்லை.

முகம் தெரியாத யாருக்காகவோ இவர்கள் எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று நாச்சியாருக்கு விளங்கவே இல்லை. பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மேல் பட்டனை அழுத்திப் பிடித்தால் மோட்டார் ஓடும். கீழ் பட்டனை அழுத்திப் பிடித்தால் நிற்கும். திரையைத் தொடவே வேண்டாம்.

முதல் வாரமே மானம் போனது. போனை மடியில் செருகிக்கொண்டு குனிந்து வேலை பார்த்ததில், இடுப்பு மடிப்பே பட்டனை அழுத்திவிட்டது. மோட்டார் அது பாட்டுக்கு ஓடி, வரப்பை உடைத்துக்கொண்டு போன தண்ணீர் சோலைச்சாமி மாமாவின் மிளகாய்ச் செடிகளுக்குள் நின்றது. அன்றைக்கு அவர் போட்ட சத்தம் சேத்தூர் வரை கேட்டிருக்கும்.

அதற்கும் கல்பனா ஒரு மாற்று ஏற்பாடு செய்தாள். அது என்ன என்று நாச்சியார் வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்துத் தோப்பு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. இவர்கள் வயலின் குழாய் வாய் காய்ந்து கிடந்தது.

ஜெயபாண்டி திரும்பி மாமாவைப் பார்த்தான். மாமா தொண்டையைச் செருமினார்.

இன்றைக்குத் தண்ணீர் வராவிட்டால் மாமா தலையை ஆட்டிவிடுவார். அதோடு வயல் கை மாறிவிடும். கிணற்றுக்கு ஓடிவிடலாம் என்று நாச்சியாருக்குக் கால் பரபரத்தது. ஓடினால் கொழுந்தன் சொன்னது சரி என்று ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

குழாய்க்குள் காற்று சீறியது. செருமிச் செருமி, பிறகு குபுகுபுவென்று தண்ணீர் கொட்டியது.

சோலைச்சாமி மாமா முதலில் தன் மிளகாய் வயலைத்தான் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே அவருக்கு மூச்சு வந்தது. அப்புறம் நாச்சியாரின் மடியைப் பார்த்தார். மடியில் ஒன்றும் இல்லை. இரண்டு கையும் முழங்கை வரை சேற்றுக்குள் இருந்தன.

"ஏத்தா, நீ ஒண்ணையும் தொடலியே. போன எங்க வச்சிருக்க?"

நாச்சியார் இடுப்பை நிமிர்த்தி நின்றாள். முகத்தில் பொங்கி வந்த பெருமையை மறைக்க அவள் முயலவே இல்லை. மாமாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைக் கொழுந்தனைப் பார்த்துச் சொன்னாள்.

"போனு வீட்டுல, கட்டில்ல, ஒங்க அண்ணன் கைக்குள்ள இருக்கு தம்பி. வாதம் வந்து விழுந்த பொறவு அவியளுக்கு அந்தப் பெருவிரல் ஒண்ணுதான் அசையுது. எந்த வயலுக்கு எம்புட்டு நேரம் ஓடணும்னு அவியளுக்குத் தெரியாதா? இந்தப் போகம் தொடங்குனதுலருந்து தண்ணி பாய்ச்சுனது அவியதான்."