சாத்தாத கதவு

என் பிழைப்பில் எவனோ மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். கையில் கிடைத்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதாக இருந்தேன்.

நாடகங்களுக்கு செட் போடுவது என் தொழில். பலகை சுமந்து இந்த இடத்துக்கு வந்தவன். என் கதவைச் சாத்த முடியவில்லை என்று ஒருத்தன் சொன்னதில்லை, இந்த நாடகம் வரும்வரை.

அந்தக் காலத்தில் சக்கைப்போடு போட்ட அம்மா-மகள் நாடகம். இப்போது மறுபடி மேடை ஏறியிருக்கிறது. கடைசிக் காட்சியில், என்றோ வீட்டை விட்டுப் போன அம்மா வாசலில் வந்து நின்று, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுவாள். மகள் கதவைப் படாரென்று அறைந்து சாத்துவாள். அம்மா சரியாக அந்த நொடியில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சத்தத்துக்காகத்தான் கூட்டமே வருகிறது.

ஒரு வாரமாகக் கதவு பாதியிலேயே நிற்கிறது. நேற்று கூட்டம் சிரித்தேவிட்டது. மகளாக நடிக்கும் பெண்ணை, போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து சாத்தச் சொல்லிக் கத்தினார்கள். டைரக்டர் எல்லார் முன்னாலும் என்னைக் கிழித்தார். கதவு கேட்டால் கோழிக்கூண்டுக்குத் தட்டி செய்து கொடுத்திருக்கிறேனாம்.

கதவின் கீலைப் பார்த்தேன். இடுக்கில் மரத்துண்டு நசுங்கிய தடம். எவனோ வேண்டுமென்றே செருகியிருக்கிறான்.

இன்று செட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். முதல் மணி அடித்ததும் ஒரு உருவம் குனிந்து கட்டையைச் செருகியது. பாய்ந்து கையைப் பிடித்தேன்.

மகளாக நடிக்கும் பெண்.

"ஏம்மா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"மெதுவா பேசுங்கண்ணே. அம்மா காதுல விழுந்துடும்."

அம்மா என்றது அம்மா வேஷம் போடுகிறவரை. அந்தக் காலத்தில் இதே நாடகத்தில் மகளாக நடித்தவர். திரை ஓரத்தில் உட்கார்ந்து வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சால்வைக்குள் மறைத்த கையில் இரண்டு விரல்களில் கட்டு.

"அவங்களுக்குக் கதவுப் பக்கத்துக் கண்ணு மங்கிப்போச்சுண்ணே. கதவு வர்றது தெரியல. ரெண்டு தடவை விரல் மாட்டிக்கிச்சு. வேஷம் போயிடும்னு வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

ஊர் ஏச்சையெல்லாம் இவள் வாங்கிக் கட்டிக்கொண்டது இதற்குத்தானா?

"டைரக்டருக்குத் தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முதல் தடவையே பார்த்துட்டாருண்ணே. 'இப்பதான் முகத்துல நிஜ வலி வருது, கடைசி வரைக்கும் கையை எடுக்காதே, எடுத்தா வேற ஆளைப் போட்டுடுவேன்'னு அம்மாகிட்ட சொன்னாரு."

இரண்டாவது மணி அடித்தது. வெளியே அரங்கம் நிரம்பி வழிந்தது.

பேரம் பேச எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்புளியை எடுத்துக் கீலைக் கழற்றினேன். கதவைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். இன்றைக்காவது கதவு மூடுமா என்று கேட்டுக்கொண்டே டைரக்டர் ஓடிவந்தார்.

"யோவ், இனிமே உன் நாடகத்துக்குக் கதவே கிடையாது. வேணும்னா, அந்தம்மா கையை எடுத்த பிறகுதான் சாத்தணும். வேஷமும் அவங்களுக்குத்தான். முதல்ல போய், அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்து மன்னிப்புக் கேளு. மூணாவது மணி அடிச்சுத் திரை தூக்கறதுக்குள்ள கேளு."