அழித்த கரி

மூன்று வருடத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போன மகள் வரைந்த ஏழு நிமிடப் படத்தை, மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிற மாசிலாமணியும் அவர் மனைவி தெய்வானையும் திரைப்படச் சங்க அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரிக்கோட்டில் ஒரு பெண் வீட்டை நோக்கி நடந்துகொண்டே இருந்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. "ஏனுங்க, தாளெல்லாம் ஒரே அழுக்கா இருக்குது?" என்றாள் தெய்வானை. மாசிலாமணிக்கு யாராவது இப்படிக் கேட்டால் போதும், விளக்க ஆரம்பித்துவிடுவார். மகளுக்குக் காமிரா ஸ்டாண்டு பற்றவைத்துக் கொடுத்தவரே அவர்தான். "மொத்தப் படமும் ஒரே தாளு. வரைஞ்சு ஒரு போட்டோ புடிக்கோணும். அப்புறம் ஆளை அழிச்சுப்போட்டு, கொஞ்சம் தள்ளி மறுக்கா வரையோணும். அழிச்ச கரி முழுசாப் போகாது. ஆளு நடந்த வழியெல்லாம் பின்னாடியே புகையாட்ட நிக்கும்." சொல்லி முடிக்கும்போதுதான் கவனித்தார். புகை அந்தப் பெண்ணுக்கு முன்னால், வீட்டுப் பக்கம் இருந்தது. அவள் அடி வைக்க வைக்கத் தாள் வெளுத்துக்கொண்டே போனது. வீட்டைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து விலகுகிறவளைத்தான் மகள் வரைந்திருக்கிறாள். பிறகு படத்தைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டியிருக்கிறாள். அவருடைய கைகள் யாருடையவையோபோல மடியில் கிடந்தன. "ஊட்டுக்குத்தான் வர்றாளுங்க," என்றாள் தெய்வானை, "எனக்குத் தெரியும், வந்துருவா." திரையில் அந்தப் பெண் வாசலை அடைந்து நின்றாள். தாளில் அழித்த கரி பொட்டும் இல்லை. "நம்ம வாசலை எத்தனை சுத்தமா வரைஞ்சிருக்கா பாருங்க!" "ஆமா," என்றார் மாசிலாமணி. "அதைத்தான் மொதல்ல வரைஞ்சிருக்கா."