இடது பின்னங்கால்

நொண்டும் குதிரையின் இடது பின்தொடையில் சிகிச்சைப் பட்டைகளை ஒட்டி, மின்சாரம் பாயும்போதே அதை நடத்த வேண்டும். ஐம்பது நாளாகக் கயிற்றைப் பிடித்து நடந்தவர் லாயக்காரர் மஸ்தான். நொண்டல் போகவில்லை. நாளை முதலாளி வந்து, குதிரையை வைத்துக்கொள்வதா விற்றுத் தள்ளிவிடுவதா என்று சொல்லிவிடுவார். வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா மின்சாரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார். அப்போதும் நொண்டியது.

"கயித்தை இங்க குடுங்க பாய்."

டாக்டரம்மாவே பிடித்து நடத்தியபோது குதிரை நாலு காலையும் சீராக ஊன்றி வட்டமடித்தது. டாக்டரம்மா மஸ்தானின் இடது முழங்காலைப் பார்த்தார்.

"முதலாளி வர்றப்ப நான் உள்ளயே இருந்துக்கறேம்மா," என்றார் மஸ்தான்.

கயிற்றை வாங்கிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து லாயத்துக்கு நடந்தார். பின்னாலேயே குதிரையும் இழுத்து இழுத்து வந்தது.