பாதியில் ஒரு பொன்னாடை

“இப்ப கை தட்டலாமா, கூடாதா?”

பாண்டுரங்கன் மனைவியின் காதில் கேட்டார். சித்ராவுக்கும் தெரியவில்லை.

சற்று முன் வாத்தியங்கள் ஓய்ந்ததும், முடிந்தது என்று நினைத்து மண்டபமே தட்டியது. விழா நடத்துபவர் ஓடி வந்து, “இது நடுவுல விடற இடைவெளிங்க. முழுசா முடிஞ்சப்புறம் தட்டுங்க, ப்ளீஸ்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து ஒருவர் கையும் எழவில்லை.

திண்டிவனம் கல்யாண மண்டபத்தில் இப்படியொரு கச்சேரி நடப்பது இதுதான் முதல் தடவை. மேடை நிறைய வயலின்கள். எதிரும் புதிருமாக இரண்டு பியானோ. ஒன்றில் பாண்டுரங்கனின் மகள் கலைப்பிரியா, இன்னொன்றில் லூர்துநாதனின் மகன் ஆஸ்வின். இரண்டும் கண்டமங்கலத்துப் பிள்ளைகள், ஒரே டீச்சரிடம் படித்தவர்கள். நடுவில் நின்று குச்சியை ஆட்டி எல்லாரையும் வாசிக்க வைத்துக்கொண்டிருந்தவர், ஆஸ்திரியாவிலிருந்து விருந்தாளியாக வந்த வெள்ளைக்கார கண்டக்டர். பியானோ வாசிக்கும் இருவரில் ஒருவரைத் தன் ஊர் இசைப்பள்ளியில் இலவசமாகப் படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஒருவரைத்தான். அதனால், பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்களான இரண்டு அப்பாக்களும் ஒரே வேனில் வந்தும், வழி நெடுக கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்குகிற பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

கடைசிப் பகுதி ஆரம்பித்தது. ஆஸ்வின் அமர்க்களமாக வாசித்து நிறுத்தினான். வயலின்கள் மெதுவாக இழுத்தன. பிறகு அவையும் ஓய்ந்தன. கண்டக்டரின் குச்சி அந்தரத்தில் நின்றது. மண்டபம் கப்சிப்.

“முடிஞ்சிடுச்சாங்க?” என்றாள் சித்ரா.

“தெரியலியே. இதுவும் இடைவெளியாத்தான் இருக்கும். தட்டித் தொலைச்சிடாத.”

கலைப்பிரியா கண்ணை மூடி, கைகளை மடியில் வைத்து அசையாமல் இருந்தாள்.

பாண்டுரங்கனுக்குப் பெருமை தாங்கவில்லை. “நம்ம பொண்ணைப் பாரு, சாமி மாதிரி எவ்ளோ நிதானமா உட்கார்ந்துக்கினு இருக்குது! அந்தப் பையனையும் பாரு. மேடையில உட்கார்ந்துக்கினு ஜனங்களை வேடிக்கை பாக்குது.”

ஆஸ்வின் நிஜமாகவே இவர்கள் உட்கார்ந்திருந்த முன்வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று பக்கத்து நாற்காலியிலிருந்த லூர்துநாதன் எழுந்தார். கச்சேரி முடிந்ததும் கண்டக்டருக்குப் போர்த்துவதற்காகப் பாண்டுரங்கன் ஆசையாக வாங்கி மடியில் வைத்திருந்த பொன்னாடையை வெடுக்கென்று பிடுங்கினார். பிடுங்கிக்கொண்டு மேடைக்கு ஓடினார்.

“யோவ் லூர்து! இன்னாய்யா பண்ற? இன்னும் முடியலய்யா!”

யார் கேட்டது? லூர்துநாதன் கண்டக்டர் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். பெரிய கும்பிடாகப் போட்டார். அதோடு விட்டாரா? போட்டோகிராபரைக் கூப்பிட்டு இப்படி ஒன்று, அப்படி ஒன்று என்று எடுக்க வைத்தார்.

தலைவர் வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்திப் பொன்னாடை போர்த்துகிற ஊர் ஆயிற்றே! அடக்கி வைத்திருந்த கைகளெல்லாம் சேர்ந்து தட்டித் தீர்த்தன. வயலின்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள். விழா நடத்துபவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பாண்டுரங்கனுக்கு வயிறு எரிந்தது. “நம்ம பொண்ணைக் கெடுத்தா தம் புள்ளைக்கு சீட்டு கெடைக்கும்னு பாக்கறான். அதுவும் என் பொன்னாடையை வச்சிக்கினே!” என்று பல்லைக் கடித்தார்.

லூர்துநாதன் வியர்வையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே குச்சியைத் தூக்கி, கடைசிப் பகுதியை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இந்தத் தடவை கலைப்பிரியா வாசித்த வாசிப்பில், ஒன்றும் புரியாதவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முடிந்ததும் கண்டக்டர் தன் தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து அவளுக்கே போர்த்தி, அவள் கையை உயர்த்திப் பிடித்தார். சீட்டு அவளுக்குத்தான்.

பாண்டுரங்கன் சும்மா இருப்பாரா? “இன்னா லூர்து, குறுக்க பூந்து கெடுக்கப் பாத்தியே, கெட்டுச்சா? தெறமை இருக்கறவங்களை எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாதுய்யா.”

“ஆமாப்பா,” என்றார் லூர்துநாதன்.

மேடையிலிருந்து இறங்கிய கலைப்பிரியா நேராக லூர்துநாதனிடம்தான் வந்தாள். பொன்னாடையை எடுத்து அவர் தோளில் போட்டாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“பாப்பா, அந்தாளுக்கு எதுக்கும்மா அது?”

“நீ சும்மா இருப்பா. நான் வாசிக்க வேண்டிய எடத்துல எனக்கு எல்லாமே மறந்துபோச்சு. கை எழும்பவே இல்ல. எல்லாரும் எனக்காக நிறுத்திட்டுக் காத்துக்கினு இருந்தாங்க. மாமா மட்டும் மேடை ஏறலன்னா நான் எழுந்து ஓடியிருப்பேன்.”

“சாமி மாதிரி உட்கார்ந்துக்கினு இருந்தியேம்மா?”

“பயத்துலப்பா.”

பாண்டுரங்கன் மெல்லத் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. “லூர்து... அவ மறந்துட்டது உனக்கு எப்பிடிய்யா தெரிஞ்சுது?”

“எனக்கு இன்னா தெரியும்? பாட்டு முடிஞ்சுதா முடியலையான்னே எனக்குத் தெரியல.” லூர்துநாதன் மேடையைக் காட்டினார். ஆஸ்வின் அங்கே தனியாக பியானோவை மூடிக்கொண்டிருந்தான்.

“எம்புள்ளதான் அங்கேருந்து கலைப்பிரியாவையும் என்னையும் மாறி மாறிப் பாத்து, ‘ஏதாவது பண்ணுப்பா’ன்னு கண்ணைக் காமிச்சான்.”